ஏழு டிகிரி

தொப்பூர் ஏறும்போது
மடியில் துண்டு சுற்றி வைத்திருந்த பாரோமீட்டரைப்
பிரித்துப் பார்த்தேன்.
சேலத்தில் தொள்ளாயிரத்து எண்பது.
பஸ் ஏற ஏற
வளைவுக்கு வளைவு இறங்கியது எண்.
பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்:
"என்னம்மா, சுகர் பார்க்கற மிஷினா?"
சர்க்கரை ஆலைக்குத்தான் போகிறேன் என்றேன்.

பாலக்கோடு தாண்டி ஆலை.
சக்கை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்.
டர்பைன் நீராவியைத் தின்கிறதாம்,
தின்ற அளவுக்கு உழைப்பைக் காணோமாம்.
மூடி திறந்து பிளேடு பார்க்க
நாற்பது லட்சம் கேட்கிறது கம்பெனி.
அதற்குள்
கொதிகலன் ஷிஃப்டு தீர்த்தகிரிக்கு ஒரு மெமோ.

பழைய அறிக்கையைப் புரட்டினேன்.
காற்றழுத்தம்: ஆயிரத்துப் பதின்மூன்று.
எழுதியவர் கடற்கரையில் உட்கார்ந்து
எழுதியிருக்க வேண்டும்.
இந்த மேட்டில் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்துதான்.

தை மாதம், ராத்திரி இரண்டு மணி.
வெளியே கரும்பு லோடு டிராக்டர்கள்
பனியில் வரிசையாகத் தூங்குகின்றன.
இரண்டு மணி நேரம் யாரும்
லோடை அசைக்காதீர்கள் என்று
ஒவ்வொருவராகப் பார்த்துக் கும்பிட்டேன்.

இட்லிப் பானையில் வெள்ளையாய்ப் புகைவது
ஏற்கனவே தண்ணீர்.
இந்தக் குழாயில் ஓடுவதற்கு நிறமில்லை.
கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது;
நீட்டிய மூங்கில் கருகும்,
அப்போதுதான் தெரியும்.
அதன் நாடி பார்க்க வந்திருக்கிறேன்,
தொடாமல்.

அழுத்தமானி கீழே, குழாய் மேலே.
நடுவில் ஏழு மீட்டர்
மெல்லிய குழாயில் குளிர்ந்து நிற்கும் தண்ணீர்.
சும்மா நிற்பதும் எடைதான்.
அறுபத்து நான்கில்
புள்ளி ஏழைக் கழித்தேன்.

பிறகு வெப்பம்.
ஆலையின் தெர்மோகப்பிளுக்குப் பக்கத்தில்
காலியாக ஒரு பை இருந்தது.
என்னுடையதை இறக்கினேன்,
அடி தொட்டதை விரல் உணரும்வரை.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினேன்:
478.2
477.9
478.4
திரையில் 485.
ஆணி அடித்ததுபோல் 485.

ஆறு பருவமாக அதே சூட்டில் நின்று
அந்தக் கம்பி
இல்லாத ஏழு டிகிரியை நம்பத் தொடங்கியிருக்கிறது.
திரை அதை நம்பியது.
ஸ்ப்ரே வால்வு திரையை நம்பியது.
நல்ல நீராவிமேல் தண்ணீர் தெளித்துத் தெளித்துக்
குளிர்வித்து அனுப்பியிருக்கிறார்கள்
டர்பைனுக்கு.

தீர்த்தகிரி என் நோட்டை எட்டிப் பார்த்தார்.
"அப்ப நான் பண்ணது தப்பில்லைங்களா?"
நீங்கள் திரை சொன்னதைச் செய்தீர்கள்.
"திரை சொன்னதைத்தான் செய்யணும்னு
ரூல் இருக்குங்களே."
இருக்கிறது.

கம்பெனி ஆளுக்கு முகம் மலர்ந்தது,
அடுத்த பக்கம் திருப்பும்வரை.
கண்டென்சரின் வெற்றிடத்தை
இந்த ஊர்க் காற்றோடு சேர்த்துப் போட்டால்
அது பழைய அறிக்கை சொன்னதைவிட நன்றாகவே இருக்கிறது.
அவ்வளவு நல்ல வெற்றிடத்துக்கு
டர்பைன் தருவது கொஞ்சம் குறைவுதான்.
அதுவும் முழு நிரபராதி அல்ல.
நாற்பது லட்சத்துக்கான குற்றவாளியும் அல்ல.
இடையில் எங்கோ.
அந்த இடையை எழுதத்தான்
எனக்குச் சம்பளம்.

அறிக்கையின் கடைசி வரியில்
என் கருவியின் பிழையையும் எழுதினேன்:
கூட்டியோ குறைத்தோ ஒன்றரை டிகிரி.
மேலாளர் கேட்டார்,
"இந்த வரி வேணுமாம்மா?"
இது இல்லாமல் மேலே உள்ளது எதுவும் வேண்டாம் என்றேன்.
மெமோவைத் திரும்ப வாங்குவார்களா என்பது
நான் அளக்கக் கூடியது அல்ல.

திரும்பும் வழியில் மறுபடி தொப்பூர்.
சேலம் சேரும்போது தொள்ளாயிரத்து எண்பதை
ஒட்டி வர வேண்டும்;
வராவிட்டால் நேற்றைய ராத்திரி முழுக்கச் சந்தேகம்.
நடுக்கணவாயில் லாரி கவிழ்ந்து
பஸ் நின்றுவிட்டது.
ஹாரன்களுக்கு நடுவே
தொள்ளாயிரத்து அறுபத்தேழில்
நின்றுகொண்டிருக்கிறது எண்.